ஜெஸீமா வாங்க வந்த விடுதி

ஜெஸீமாவின் தம்பிதான் தொலைபேசியில் சொன்னார். "ராத்தா மௌத்தாகிட்டா. சுபஹுத் தொழுதிட்டு இருந்தவ, அப்படியே சாஞ்சிட்டா. பின்னேரம் அஸருக்குப் பிறகு அடக்கம்." உப்புவெளியில் எங்கள் விடுதியின் குசினியில், விருந்தினர்களுக்குக் காலைச் சாப்பாடு போய்க்கொண்டிருந்த நேரம் அது. துக்கம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. இதிலும் எனக்கு முந்திவிட்டாளே என்று நினைத்தேன். அவளை அறிந்த உங்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். அவளுக்கு இருந்திராது.

இப்படியான அஞ்சலி எழுத்தில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. வங்கியில் பக்கத்து மேசையில் இருந்து ஒன்றாகச் சோறு சாப்பிட்டவளை என்னால் அப்படி எழுத ஏலாது.

பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனபோது வீதி முழுக்க ஆட்கள். படகுக்காரர்கள், மீன் முதலாளிகள், ஐஸ் ஏற்றும் லொறிக்காரர்கள், வங்கியில் எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள். உள்ளே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "உங்கட கூட்டாளி மாதிரி மூளை இந்த ஊரில ஆருக்கும் இல்ல" என்று அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, எனக்கு இவ்வளவு சனம் வராது என்றும் எண்ணினேன்.

எங்கள் இருவரையும் வங்கி ஒன்றாகத்தான் வேலைக்கு எடுத்தது. பரீட்சைகளில் நான்தான் முன்னுக்கு. ஆங்கிலமும் என்னுடையதுதான் நல்லது. இருவரும் கடன் பிரிவில் இருந்தோம். யுத்தம் முடிந்து, மீன்பிடித் தடை நீங்கிக் கடல் திறந்த நேரம், மீன் மலிந்தது, ஐஸுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஐஸ் தொழிற்சாலை கட்டுவதற்குக் கடன் கேட்டு ஆள் மாறி ஆள் வந்தார்கள். நான் திட்டங்களைப் படித்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஜெஸீமா அதே தாள்களைப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாத்திலயும் இண்டைக்கு இருக்கிற ஐஸ் விலைதான் போட்டிருக்கு, வசந்தி. இவங்க எல்லாரும் கட்டி முடிச்ச பிறகு இருக்கப்போற விலை ஒண்டிலயும் இல்ல."

"மீன் கூடிக்கொண்டுதானே போகுது?" என்றேன்.

"மீன் எவ்வளவு வரும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆர் ஆர் கட்டுறான் எண்டு எனக்குத் தெரியும். சீமெந்து லொறி கண்ணுக்கு முன்னால போகுதே."

அன்று எனக்கு வந்த எரிச்சல் இன்றும் நினைவிருக்கிறது. அது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. தாள் என் மேசையிலும் இருந்தது, லொறி என் வீட்டு வாசலாலும் போனது.

சில வருடங்களில் ஐஸ் தண்ணீர் விலைக்கு வந்தது. ஒருவரைவிட ஒருவர் விலையைக் குறைத்து விற்றார்கள். மின்சாரக் கட்டணம் கட்டவும் வருமானம் காணாது. ஒவ்வொன்றாக மூடினார்கள். ஜெஸீமா வேலையை விட்டு, சேமலாப நிதியை எடுத்து வைத்துக்கொண்டாள். மலிவாக ஒரு தொழிற்சாலையை வாங்கப் போகிறாள் என்று கதை. ஆனால் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு பேர் புதுசாக் கட்டிக்கொண்டிருக்காங்க. அவங்களும் களைச்சுப் போகட்டும்" என்றாள்.

கடைசியில் பழைய இரும்புக்காரர்கள் இயந்திரங்களைக் கழற்றி ஏற்றத் தொடங்கிய பிறகுதான் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒன்றை வாங்கினாள். என்னையும் கூட்டுக்குக் கேட்டாள். நான் சிரித்தேன். அப்போது உப்புவெளிக் கடற்கரை முழுவதும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் என் கணவரும் எங்கள் காணியில் கடன் எடுத்து விடுதி கட்டினோம்.

அவளுடைய தொழிற்சாலை நெடுங்காலம் நட்டத்தில் ஓடியது. அவள் இடிந்துபோய் இருப்பாள் என்று எதிர்பார்த்து ஒரு நாள் பார்க்கப் போனேன். ஆசைப்பட்டுத்தான் போனேன் என்றும் சொல்லலாம். அவள் கதிரையில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பயமில்லையா?" என்றேன்.

"கடன் எடுத்து வாங்கியிருந்தாப் பயம். இது என்ட சொந்தக் காசு. நான் ஐஸ் விக்கிறதுக்கா இருக்கிறன்? மற்றவன் மூடும் வரைக்கும் மூடாமல் இருக்கிறன். அதுதான் இப்ப என்ட வேல."

அவளுடைய பணத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது பிறகுதான். முதலில் வந்தது அந்தக் கதிரையின் மேல். ஊரே சிரிக்கும்போது அப்படிச் சாய்ந்து இருக்க எனக்கு வராது.

மூட வேண்டியவர்கள் மூடி முடித்தார்கள். ஐஸுக்குப் படகுகள் வரிசையில் நின்றன. எல்லோரும் அவளை இரண்டாவது தொழிற்சாலை கட்டச் சொன்னார்கள். அவளோ இருந்ததையும் வெளியூர் ஆள் ஒருவருக்கு நல்ல விலைக்கு விற்றாள். அவர் அதோடு நிற்காமல் பக்கத்தில் இன்னொன்றும் கட்டத் தொடங்கினார். என் கணவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அந்தச் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் மறுபடி மறுபடி சொல்லி வியந்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

பிறகு தொற்றுக் காலம் வந்தது. அதற்குப் பின்னால் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். விடுதியில் ஓர் அறைக்கும் ஆள் இல்லை. பக்கத்து விடுதிகளின் மெத்தைகளும் குளிரூட்டிகளும் வீதியில் விலைப்பட்டன. அந்த நேரத்தில்தான் ஜெஸீமா வந்தாள். அறை அறையாகத் திறந்து பார்த்தாள். குழாய்களைத் திருகினாள். பிறகு ஒரு விலை சொன்னாள்.

"கடனும் தீரும், கொஞ்சம் மிஞ்சும். குடுப்பம்" என்றார் என் கணவர். அவர் முகத்தில் அவ்வளவு நாளும் இல்லாத வெளிச்சம்.

நான் அவளைப் பார்த்துக் கேட்டேன். "இது நல்ல விலையா?"

"எனக்கு நல்ல விலை. உனக்கு இல்ல."

"ஜெஸீமா, அப்ப நாங்கள் விக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"மாஸ்டர், நானே வாங்க வந்திருக்கிறன் எண்டா நீங்க விக்கக் கூடாது. ஆனா தாங்க ஏலாட்டி எனக்கே தாங்க. வேற ஆரும் இதைவிடக் குறைச்சுத்தான் கேப்பாங்க."

அவள் பொய் சொல்லவில்லை, வற்புறுத்தவுமில்லை. எங்கள் கட்டிலில் இருந்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்கு அவள் சொன்ன காரணம் ஒன்றும் காதில் ஏறவில்லை. இந்த அறைகள் நிறையும் நாளில் அவள் இங்கே கதிரை போட்டுச் சாய்ந்திருப்பாள் என்ற படம் மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. "ஏலாது" என்றேன். நகையை விற்றோம். அவர் ரியூஷன் வகுப்புக்குப் போனார். நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தேன். தாங்கினோம்.

வெளிநாட்டார் திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்தில் திறந்திருந்த விடுதிகள் சொற்பம். இன்று அறை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறேன். என் பொறுமையைப் புகழ்கிறார்கள். பொறுமையல்ல, பொறாமை. அதை ஜெஸீமாவிடம் நேரே சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எதால தாங்கினாலும் தாங்கினதுதான்" என்றாள். அதிலும் அவள்தான் பெரியவளாகப் போனாள்.

அவளை அடக்கி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்துவிட்டார்கள். எங்கள் வீதியில் மூன்று இடத்தில் அத்திவாரம் வெட்டுகிறார்கள். என் கணவர் மேல்மாடி எழுப்புவோம் என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப விக்கப் போறியா?" என்று கேட்டார்.

கூட்டத்தைக் கண்டு விலகி நிற்க ஜெஸீமாவிடம் கற்றுக்கொண்டேன். அது என்னிடம் இருக்கும். எந்த நாளில் விற்றுவிட்டு எழும்பிப் போவது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதைக் கொண்டுபோய்விட்டாள். இருந்திருந்தால், வீம்பை விட்டு இந்த முறை கேட்டிருப்பேன். கேட்க ஆளில்லாத இடத்திலும் பொறாமை அப்படியே இருக்கிறது. அவளுடைய ஞாபகமாக நான் வைத்திருப்பது அதைத்தான்.