கோடு விழாத நாளில் கொடுத்த தார்ப்பாய்

கோர்வையாக எழுத எனக்கு வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு மொய்க் கவரின் மேல் பேர் எழுதியதோடு சரி. மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் இருக்கிறது. கோடையில் அறுப்புக்கு வருகிற நவரைப் பட்டத்து நெல்லை அறுத்ததும் தார் ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போடுவோம். ஓரத்தில் கல் வரிசை வைத்துவிட்டால் பஸ்காரர்கூட ஒதுங்கித்தான் போவார். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கிற மிஷின் வைத்திருக்கிறார்கள். அது ஈரம் கூடுதலாகக் காட்டினால் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வரவேண்டியதுதான். அதனால் கோடை மழை அந்த நாட்களில் எங்களுக்கு எமன்.

எனக்கு முட்டி வலி. குனிந்து அள்ள முடியாது. சின்னப் பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்து ஆடு, கோழி வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதும், இடையிடையே எழுந்து நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து அதைப் புரட்டிவிடுவதும் என் வேலை. மற்ற நேரத்தில் வானத்தைப் பார்ப்பேன்.

மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் தாழ வரும், சத்தம் கேட்கும். நான் சொல்வது அவற்றை இல்லை. எங்கேயிருந்தோ எங்கேயோ போகிறவை, நெல்மணி அளவுதான் தெரியும். பின்னால் வெள்ளையாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும். சில நாள் அந்தக் கோடு குட்டை வாலாக வந்து உடனே கரைந்துவிடும். சில நாள் கரையாமல் அப்படியே நின்று, பஞ்சைப் பிரித்துப் போட்ட மாதிரி அகலமாகிக்கொண்டே போகும். கோடு நின்ற மறுநாளோ அதற்கடுத்த நாளோ மழை வந்ததைச் சில தடவை கவனித்தேன். கோடு நின்றும் மழை வராமல் போன நாளும் இருந்திருக்கும். அதையெல்லாம் மனது வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் எதிர்வீட்டுக்காரியிடம்தான் சொன்னேன். புருஷன் போனபிறகு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தவள். விடியுமுன் வேன் வரும், இருட்டினபிறகு கொண்டுவந்து விடும். சோப்புத் தண்ணீரில் கை தோல் உரிந்து போயிருந்தது. அதை விட்டுவிட்டு, தைரியமாக நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தாள். “இனிமே அந்த வேன்ல காலு வச்சேன்னா என்னை ஏன்னு கேளு பெரிம்மா” என்பாள்.

நான் சொன்னது ஒரு தரம் பலித்தது. அவள் வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு நெல் காயப்போடுகிற பெண்கள் காலையில் என்னைக் கேட்காமல் சாக்கைப் பிரிக்க மாட்டார்கள்.

“இன்னா பெரிம்மா, மேல கோடு கீதா?”

“இல்ல.”

“இல்லியா? இன்னிக்கி பிளேன்காரனுக்கு லீவா?”

சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர்கள் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

போன நவரை அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் என் தம்பி மகன் வந்திருந்தான். விமானங்களுக்குப் போகிற வழி போட்டுக்கொடுக்கிற ஆபீசில் சென்னையில் வேலை செய்கிறான். நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, “இன்னாத்தே, பிளேன்ல ஏறணுமா?” என்று கேலி செய்தான். கோடு பார்க்கிற சங்கதியைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“அது பொக இல்லத்தே. மார்கழில வாயத் தொறந்தா ஆவி வருதில்ல, அந்த மாதிரி. இஞ்சின்லேர்ந்து வர்ற ஆவி, கரித்தூள் மேல ஒட்டிக்கினு ஐஸா ஆயிடுது. மேல காத்து ஈரமா, ரொம்ப குளுந்து இருந்தா அது கரையாம நிக்கும்.”

“அப்ப ஈரம்னா மழதானே?”

“அது அங்க, எவ்ளோ மேல. நம்ம கோட மழ கீழ சூட்லேர்ந்து கெளம்புறது. ஏதோ கொஞ்சம் சம்பந்தம் இருக்கலாம். அத நம்பி நெல்ல காயப்போடாதீங்க.”

அப்புறம் இன்னொன்றும் சொன்னான். அந்தக் கோடுகள் பரவி மேகமாகி, ராத்திரியில் பூமிச் சூட்டை மேலே போகவிடாமல் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறதாம். அதனால் கோடே விழாமல் ஓட்ட முடியுமா என்று சில கம்பெனிகள் சோதித்துப் பார்க்கிறார்களாம். கரி குறைவாக வருகிற எண்ணெய் ஊற்றுவது ஒன்று. ஈரக்காற்று இருக்கிற உயரத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்குக் கீழேயோ மேலேயோ ஓட்டுவது இன்னொன்று.

“அப்ப ஈரம் இருந்தாலும் கோடு வராதா?”

“வராது. அதுக்குத்தானே பண்றாங்க.”

எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொள்ள முடியாது. அவன் கிளம்பிப் போனபிறகு எதிர்வீட்டுக்காரி, “இன்னா பெரிம்மா, உன் தம்பி புள்ள ஒரேதா பேசிக்கினு இருந்தாரு?” என்று கேட்டாள். “சும்மா, ஊட்டு விஷயம்” என்றேன். சொல்லியிருந்தால் மறுநாள் காலை என்னை யார் கேட்பார்கள்? அந்த ஒரு நினைப்புதான்.

அறுப்பு முடிந்தது. அவள் நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வெயில் பட்டால் கொள்முதலுக்குக் கொண்டுபோய்விடலாம். அன்று காலை ஒரு விமானம் போனது. வாலே இல்லை, மொட்டையாகப் போனது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்த மாதிரி இருந்தது. தம்பி மகன் சொன்னது அப்போதே எனக்கு ஞாபகம் வந்தது.

அவள் தார்ப்பாயை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த தெருவில் காதுகுத்து, பந்தலுக்குக் கேட்டிருந்தார்கள்.

“கோடு இல்லியே பெரிம்மா. இத அவுங்களுக்குக் குடுத்துடட்டா?”

தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டினேன்.

சாயந்திரம் தெற்கே கறுத்தது. காற்று முதலில் வந்தது, புழுதியோடு. ஓடிப்போய்ப் பந்தலைப் பிரித்துத் தார்ப்பாயைக் கொண்டுவருவதற்குள் மழை கொட்டிவிட்டது. மற்றவர்கள் தங்கள் தார்ப்பாயைப் போட்டு நெல்லை மூடிவிட்டார்கள். அவளோ புடவை, பாய், கோணி எல்லாம் கொண்டுவந்து போர்த்தினாள். நெல் பள்ளத்துப் பக்கம் ஓடியது. இரண்டு கையாலும் அணை மாதிரி தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் முட்டி போட்டு உட்கார்ந்தேன். எந்தக் கை தடுக்கும் அதை?

இரண்டு நாள் மோடம் போட்டு வெயிலே வரவில்லை. நெல் சூடாகி முளை விட்டுவிட்டது. கொள்முதலில் கையில் எடுத்துப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார்கள். “பிளேன்காரன் பெரிம்மாவ ஏமாத்திட்டான்” என்று அவளே மற்றவர்களிடம் எனக்காகப் பேசினாள். நான் அதற்கும் பேசாமல்தான் இருந்தேன்.

அந்த மாதமே வேன் ஏறினாள். என் வீட்டு வாசலுக்கு நேரேதான் வேன் நிற்கும். அவள் கண்ணில் படாமல் உள்ளேயே படுத்திருந்தாலும் ஹாரன் சத்தம் கேட்கும்.

பல நாள் யோசித்து ஒரு விடியலில் வேன் வருமுன் வெளியே போனேன். தம்பி மகன் சொன்னதையும், எனக்குத் தெரிந்தே தலையாட்டியதையும் சொல்லிவிட்டேன். அவள் தூக்குப்பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

“இதுக்கா இத்தினி நாளா மூஞ்ச திருப்பிக்கினு இருந்த? அந்தத் தார்ப்பாய் பூரா எலி கடிச்ச ஓட்ட பெரிம்மா. போத்தியிருந்தாலும் நனஞ்சிதான் இருக்கும். போ, போயி டீத்தண்ணி குடி.”

வேன் வந்தது, ஏறிவிட்டாள். தார்ப்பாயை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையில் மட்டும்தான் எலி கடித்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசாமல் இல்லை. குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறாள், முட்டிக்குத் தைலம் வாங்கி வருகிறாள். வானத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கழுவிக் கவிழ்க்கிற பாத்திரத்தின் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

தம்பி மகனிடம் போனில் கேட்டேன், அன்றைக்கு எங்கள் ஊருக்கு மேலே உயரத்தை மாற்றித்தான் ஓட்டினார்களா என்று. “எங்க ஆபீஸ் பண்ணல அத்தே, வேற யாராவது பண்ணாங்களான்னு எனக்குத் தெரியாது” என்றான். மாற்றி ஓட்டியிருந்தால், தெரிந்தும் மறைத்தது என் குற்றம். மாற்றவில்லை என்றால் என் கோட்டுக் கணக்கே என்றைக்கும் பொய், இத்தனை பேரை அதை நம்பவைத்ததும் என் குற்றம். எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தப்பிக்க வழி இல்லை. இருந்தாலும் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவளிடம் முழுசாகச் சொல்லவேண்டுமே, பாதியைத்தானே சொல்லியிருக்கிறேன்.

நான் கேட்பது போன நவரை அறுப்பில், உத்திரமேரூருக்கு மேலே, காலை வெயில் ஏறுகிற நேரம் போன அந்த விமானத்தைப் பற்றி. விமானம் கொஞ்சம் தாழ ஓடினால் கீழே இருக்கிறவர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியுமா, இல்லை என் கண்தான் அப்படிக் காட்டியதா, அதையும் பார்க்கவேண்டும். ஆவி, கரித்தூள், ஐஸ் என்று தம்பி மகன் சொன்னதில் எதையாவது நான் தப்பாக எழுதியிருக்கலாம். இதெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பைத் திருத்தித் தாருங்கள்.