கை ஊன்றாமல் விழுவது

கிறிஸ்டோபர் மனைவியை அடித்ததே கிடையாது. இதை அவனே பலரிடம் சொல்லியிருக்கிறான். சொன்னது பொய்யும் அல்ல. அவன் தள்ளுவான், அவ்வளவுதான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவன் பிரேக் போட்டால் பின்சீட்டில் தூங்கும் எல்கேஜி பிள்ளைக்குக்கூட விழிப்பு வராது என்று தாய்மார்கள் மெச்சுவார்கள். அந்த நிதானத்தை அவன் தினமும் வேனிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவான். குழம்பில் உப்பு கூடியிருக்கும், அல்லது மரியம்மாள் கடையிலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்திருப்பாள். தோளில் கைவைத்து ஒரு தள்ளு. அதற்கப்புறம் சுவரும் கட்டில் முனையும் செய்கிற காரியங்களுக்கு அவன் எப்படிப் பொறுப்பாக முடியும்?

மரியம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை. வெள்ளைத்துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவையை விரித்து விரித்துக் காட்ட வேண்டும். அங்கே முகத்தைவிடக் கைதான் முக்கியம். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தால் பட்டில் நூல் சிக்கி இழுத்துவிடும். அதனால் சூப்பர்வைசர் காலையில் கடை திறந்ததும் பெண்களின் கையைத்தான் பார்ப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தள்ளில் அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. பாத்ரூமில் பாசி வழுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னாள், மாதா கோயிலில் சாமியாரிடம் சொன்னாள், ஓரிக்கையில் இருக்கும் அண்ணன் ஜான்சனிடமும் அதையே சொன்னாள். ஜான்சன் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் ஒன்றும் செய்யவில்லை. போகும்போது மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: “அம்மா இருந்த ரூம் காலியாத்தான் இருக்குது. இன்னொரு வாட்டி எதுனா ஆச்சுன்னா நேரா வந்துடு மரியா. ஆனா அடையாளத்தோட வா. வெறும் வாய்வார்த்தைய வெச்சிக்கினு நான் நாலு பேர் முன்னாடி நிக்க முடியாது.”

அந்த ரூம் அவளுக்குள் ஒரு மூலையில் பூட்டியே கிடந்தது. அதன் சாவி எது என்பதையும் அண்ணன் சொல்லிவிட்டான்.

ஜூடோவுக்குப் போக ஆசைப்பட்டவள் மகள் அபி. பத்தாவது படிக்கிறாள். ஏனாத்தூர் போகிற வழியில் ஒரு பழைய நெல் கிடங்கில், ஞாயிறு பத்து மணிக்கு வகுப்பு. பூசை முடிந்ததும் மரியம்மாள் துணைக்குப் போய்ச் சுவரோரம் உட்காருவாள். மூன்றாவது வாரமே அபிக்கு அலுத்துவிட்டது. தூக்கிப் போடக் கற்றுக் கொடுப்பார்கள் என்று வந்தால், வந்த நாளிலிருந்து விழவே சொல்கிறார்களாம். அவள் குறை சொன்னதில் தப்பில்லை. ஜூடோவில் முதல் பாடம் விழுவதுதான். விழத் தெரியாதவளை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

கற்றுக்கொடுக்கிறவள் தையல்நாயகி, இருபத்தாறு வயது, மாநில அளவில் ஆடியவள். மகள் நின்றுபோன பிறகும் அம்மா மட்டும் ஒரு ஞாயிறு வந்து சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்கு, வந்து விழுங்கக்கா.”

“பதினேழு வருஷமா அதான் டீச்சர் பண்ணிக்கினு இருக்கேன்.”

தையல்நாயகி சிரித்தாள். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்ட கும்பலில் மற்றவர்களுக்கெல்லாம் எட்டு வயது, பத்து வயது. அவை மூட்டை சரிவதுபோலச் சரிந்து சிரித்துக்கொண்டே எழுந்தன. அனுபவசாலியான மரியம்மாளுக்குத்தான் வரவில்லை. குந்தியபடி பின்னால் சாய வேண்டும், முகவாயை நெஞ்சோடு ஒட்டி பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும், முதுகைக் கூன்போட வேண்டும், முதுகு மெத்தையைத் தொடுகிற நொடியில் இரண்டு கையாலும் பக்கத்தில் ஓங்கி அறைய வேண்டும். அவளுக்கோ சாயும்போதே கை பின்னால் ஓடியது.

“கையை ஊணாதீங்கக்கா. தரை வருதுன்னதும் அது தானா போவும். போவ வுடாதீங்க. உடம்பு வெயிட்டு மொத்தமும் மணிக்கட்டுல எறங்கும்.”

அது எங்கே இறங்கும் என்பது அவளுக்கு மழைநாளில் எல்லாம் தெரியும். ஆனாலும் கை கேட்கவில்லை. ஒரே சொல்லை ஒரே குரலில் அறுபது தடவை கேட்ட பிறகுதான், இரண்டாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, கை ஓடாமல் இருந்தது. மெத்தையில் பட்டென்று சத்தம் எழுந்தது. வலி இல்லை. விழுந்தபின் வலி இல்லாதது அவளுக்குப் புதுசு. கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

நாலு மாதத்தில், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவளையே விழுந்து காட்டச் சொன்னார்கள். இனி எறிவதற்குப் போகலாம் என்று தையல்நாயகி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விழுகிறேனே என்றாள் மரியம்மாள். மெத்தையை அறைந்து அறைந்து உள்ளங்கை காய்த்தது. சனிக்கிழமைகளில் பழைய பிளேடால் சீவிக்கொள்வாள். சூப்பர்வைசருக்குச் சந்தேகம், வீட்டில் விறகு பிளக்கிறாயா என்று கேட்டார். மேலும் ஒன்று அவள் கற்றுக்கொண்டாள். அதை யாரும் சொல்லித்தரவில்லை: பயந்து விழுகிறவளுக்கு நேரமே கிடைப்பதில்லை, பழகி விழுகிறவளுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவளைக் கிறிஸ்டோபர் வெளிப்படிக்கட்டின் மூன்றாவது படியிலிருந்து தள்ளினான். முகவாய் ஒட்டியது, முதுகு வளைந்தது, கைகள் சிமென்ட்டை அறைந்தன. எழுந்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை. கிறிஸ்டோபர் மேலே நின்று, கொடுத்த பொருள் திரும்பி வந்துவிட்டதுபோலப் பார்த்தான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். ஜான்சனையும் வரச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் நல்ல மாதிரிதான். நாற்காலி கொடுத்து, எங்கே அடி என்று கேட்டாள். அடி இல்லை. படியிலிருந்து விழுந்துமா? விழுந்தும். விழக் கற்றுக்கொண்டிருப்பதாக மரியம்மாள் சொன்னாள். அது அவளுக்கே நம்பும்படி இல்லாததால், எழுந்து புடவையை இழுத்துச் செருகி, அந்த சிமென்ட் தரையிலேயே விழுந்து காட்டினாள். அருமையான விழுதல். தையல்நாயகி பார்த்திருந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள்.

“இப்ப எதுக்கும்மா கம்ப்ளைன்ட்? உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆவலியே,” என்றாள் பெண் போலீஸ்.

அதற்குள் கிறிஸ்டோபரும் வந்திருந்தான். “ஜூடோ கத்துக்கினு இருக்குது மேடம். பாதுகாப்பு எனக்குத்தான் குடுக்கணும்.” எல்லோரும் சிரித்தார்கள். ஜான்சனும் சிரித்தான், சிரித்த பிறகுதான் தங்கையைப் பார்த்தான்.

விழ மட்டும்தான் கற்றிருக்கிறேன், ஒருவரைக்கூட எறிந்ததில்லை என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் காயம் இருந்தது, புகார் இல்லை. இப்போது புகார் இருக்கிறது, காயம் இல்லை. இரண்டும் ஒரே தேதியில் சேர்ந்து வந்தால்தான் காகிதம் நகரும். இருவருக்கும் புத்தி சொல்லி அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்த ஜான்சன், “நான் என்னான்னு சொல்லி உன்னக் கூட்டிக்கினு போவேன், சொல்லு,” என்று கேட்டுவிட்டு ஓரிக்கை பஸ் ஏறினான்.

வீட்டில் அபி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைச் சொல்கிறவள்போலச் சொன்னாள்: “அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ கையை ஊணியிருக்கலாம்மா.”

கிறிஸ்டோபர் வகுப்பைத் தடுக்கவில்லை. கோயில் வாசலில் சொல்லிச் சிரிக்க அது அவனுக்கு உதவியது. மரியம்மாள் ஞாயிறு தவறாமல் போய் விழுந்தாள். ஆனால் ஒரு மாற்றம்: மெத்தையில் சாயும்போது, எந்த இடத்தில் நினைத்தால் கையை நீட்ட முடியும் என்று இப்போது தேடிக்கொண்டிருந்தாள். அது கஷ்டமாக இருந்தது. அறுபது தடவை சொல்லி உள்ளே போனது வெளியே வர மறுத்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, பூசைக்கு உடுத்தி நின்றபோது, கதவுப் பக்கத்தில் அந்தக் கை தோளில் விழுந்தது. காரணம், செருப்பு துடைத்து வைக்கவில்லை. அபி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்டேஷனில் அதே பெண் போலீஸ்; இம்முறை கேள்வி கேட்காமல் எழுதினாள். அபி சாட்சிக் கையெழுத்து போட்டாள். சாயங்காலம் ஜான்சன் ஆட்டோ வைத்து வந்து பெட்டியை ஏற்றினான். அவன் முகத்தில் வருத்தமும் ஒருவித நிம்மதியும் இருந்தன. நாலு பேர் முன்னால் நிற்க அவனுக்கு இப்போது ஏதோ கிடைத்திருந்தது.

இரண்டு வாரமாக ஆளைக் காணாத தையல்நாயகி விசாரித்துக்கொண்டு ஓரிக்கைக்கே வந்துவிட்டாள். மாவுக்கட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவளுடைய முதல் நல்ல மாணவி இவள்.

“எத்தினி வாட்டிக்கா சொன்னேன்? எல்லாரையும்விட உங்களுக்குத்தானே நல்லா வரும்? எப்படிக்கா கையை ஊணினீங்க?”

மரியம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சுதான் டீச்சர் ஊணினேன். வலது கை கடைக்கு வேணும். அதான் எடது.”