வெள்ளவத்தையில் மாற்றிய போல்ட்

எனக்குப் பொறுத்திருக்கத் தெரியாது. ஆனால் நான் பிடித்துக்கொண்டதோ பொறுமைசாலிகளுக்கான பைத்தியம். முதலாம் யுத்தத்தில் பிரித்தானியப் படைக்காக அமெரிக்காவில் செய்த துவக்குகளை, அந்த நீட்டுத் துப்பாக்கிகளை, சேர்த்தேன். சீமைக்குத் திரும்புகிற தோட்டத்துரை எவராவது விற்கமாட்டாரா என்று வருஷக்கணக்கில் அலைந்து, லைசென்ஸ் எடுத்து, கொட்டாஞ்சேனை வீட்டில் மூன்று வைத்திருந்தேன். மனைவி அந்த அறைக்குள் காலெடுத்தும் வைக்கமாட்டாள்.

தோட்டாவை உள்ளே தள்ளுவதற்கு முன்னும் பின்னும் இழுக்கிற இரும்புத் துண்டுக்குப் போல்ட் என்று பெயர். துவக்கின் உடம்பில் வெட்டிய எண்ணே அதிலும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சரியாக ஓடாமலும் போகலாம்; சேர்க்கிறவனுக்கோ அது அரைத் துவக்குத்தான். இரண்டாம் யுத்தத்தில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட கையோடு, துவக்கு வைத்திருக்கிற எல்லாரும் போல்டைக் கழற்றி அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. யுத்தம் முடிந்து சாக்குகளில் திரும்பி வந்தபோது எல்லாம் கலந்துபோயிருந்தன. என்னுடைய நல்ல துவக்குக்கு எவருடையதோ ஒரு போல்ட் கிடைத்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. லைசென்ஸ் கந்தோரில் இருந்த சிநேகிதனை அரித்தெடுத்தேன். அவன் பதிவேட்டைப் புரட்டி, அந்த எண் வெள்ளவத்தையில் ஒருவருடையது என்றான். ஞாயிறு பூசை முடிந்ததும் போல்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. புருஷன் மலாயாவுக்கு வேலைக்குப் போனவர். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு ஒரு கடிதமும் இல்லை. துவக்குப் பார்க்க வந்தேன் என்றதும் அந்த அக்கா எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"பாருங்கோ. ஆனால் அவர் வராமல் இதிலை ஒரு ஆணியைக்கூட ஆருக்கும் குடுக்கமாட்டன்."

"சும்மா பார்க்கத்தான் அக்கா."

"கடற்காத்துக்குக் கறள் பிடிச்சிடும், ஒவ்வொரு நாளும் இழுத்துவிடு எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். திருப்பித் தந்த நாளிலையிருந்து இறுகிப்போய் நிக்குது. எவ்வளவு எண்ணெய் விட்டும் ஓடுதில்லை."

போல்டில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். என்னுடைய போல்ட்தான். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அவர் வரட்டும் என்று அக்கா சொல்லிவிடுவாரே என்று பயந்தேன். அந்த மனிதர் எப்போது வருவார்? வருவாரா? அதுவரை என்னால் முடியாது. அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனதும் கழற்றி மாற்றிவிட்டேன். இது களவில்லை, அவர்களுடையதை அவர்களுக்கே கொடுக்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கழற்றியதைக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு, துவக்கைத் துணியில் சுற்றப்போனார். பழக்கத்தில் ஒரு தரம் இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படியே நின்றார். திரும்பவும் இழுத்தார், தள்ளினார்.

"ஓடுது," என்றார். "அவர் இருக்கேக்கை ஓடின மாதிரியே ஓடுது." கண் நிறைந்துவிட்டது. "அவர் வாறார். எனக்குத் தெரியும், வாறார்."

இல்லை அக்கா, நான்தான் மாற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நான் யார்? இந்த அக்காவுடைய வீட்டுக்குள் வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் கைவைத்தவன். கோட்டுப் பையில் என் போல்ட் தொடையை அழுத்தியது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

"ஓம் அக்கா, நல்லாத்தான் ஓடுது," என்றேன்.

தேத்தண்ணியைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினேன். படியிறங்கும்போது, அக்கா குசினிக்குள் இருந்த மகளிடம் சொல்வது கேட்டது.

"பிள்ளை, இண்டைக்கு அப்பாவுக்கும் சேர்த்து அரிசி போடு."