வயித்தம்மாவைக் கழுவியவர்

ஏசுபாதம் அந்தச் சிற்பக் கூடத்துக்கு வாட்ச்மேனாக வந்தது 1973இல். விரும்பி வந்த வேலை இல்லை. அதற்கு முன் ஒரு மேஸ்திரியிடம் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தது. குனிந்து கல் தூக்க முடியாது. உட்கார்ந்தபடி கல்லைக் காவல் காக்க முடியும் என்று பாதிரியார் யாரிடமோ சொல்லி வாங்கிக் கொடுத்தார். தினக்கூலி. ஒழுங்காக இருந்தால் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. அதை நம்பித்தான் அவர் மனைவி மேரி வீட்டுக் கூரையை மாற்றாமல் பொறுத்திருந்தாள்.

கூடம் மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற பாதையில் இருந்தது. ஒரே அறை. ஓட்டுக் கூரை. ஏர் முனையில் தட்டுப்பட்டவை, மணலுக்குள் கிடந்தவை, குளம் தூர் வாரும்போது கிடைத்தவை என்று இருபது முப்பது கற்கள். தலையில்லாத பெருமாள், கொம்பு போன நந்தி, முகம் தேய்ந்த துவாரபாலகர். மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பருத்த உடம்பு, சரிந்த பெரிய வயிறு, இரு பக்கமும் இரண்டு உருவங்கள். உப்புக் காற்றில் மீதி எல்லாம் மழுங்கிப்போயிருந்தது.

இந்தப் பகுதி ஜனங்கள் கூடத்துக்கு எப்படி வருவார்கள் என்பதை அதைக் கட்டியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். டிக்கெட்டை அர்ச்சனைச் சீட்டு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே நுழைந்து இடமிருந்து வலமாகச் சுற்றுவார்கள். அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சுற்றி முடித்த பெண்கள் அந்த வயிற்றைப் பார்த்தார்கள். நிறைமாசம் என்று முடிவு செய்தார்கள். பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண்கள் அவளுக்கு வயித்தம்மா என்று பெயர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் குங்குமமும் விளக்கெண்ணெயும் வந்து சேர்ந்தன.

எண்ணெய் கல்லுக்குக் கெடுதல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வந்த அதிகாரி பாலசுப்ரமணியன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. தினமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். ஏசுபாதம் தன் வீட்டு வழக்கப்படி சுத்தம் செய்தார். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த் தூள், தேங்காய் நார், ஒரு வாளித் தண்ணீர், கடைசியில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரம் போக்கிக்கொண்டிருந்தவர்கள் கம்பி ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார்கள். அபிஷேகம் நடக்கிறது என்று உள்ளே வந்தார்கள். வழிந்த தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். சிலர் அவரிடமே உள்ளங்கையை நீட்டினார்கள்.

அவர் திருப்போரூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். அவருடைய தாத்தா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியதே, ஊர்க் கோயில் தேர் தங்கள் தெருவுக்கு வராது என்பதால்தான் என்று சொல்வார்கள். நீட்டிய கைகளைப் பார்த்து அவர் பெருமைப்பட்டாரா கசந்தாரா என்பது, அவர் சொல்லிக் கேட்ட எனக்கும் தெரியவில்லை. “சீக்காத் தண்ணி, கண்ணுல பட்டா எரியும்” என்று மட்டும் சொல்வாராம். கழுவக் கழுவக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடக் கூடக் குங்குமம் கூடியது. அவர் மேலும் கழுவினார். தன் காரியமே தன்னைச் சுற்றி வளைப்பது அவருக்குப் புரியாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

தவறாமல் வந்தவள் பொன்னி. குப்பத்து மாயவனின் மனைவி. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது ஏழு மாதம். அவள் எண்ணெயைத் தன் வயிற்றில் ஒரு சொட்டு, கல்லின் வயிற்றில் ஒரு சொட்டு வைப்பாள்.

1975 தையில் அதிகாரி வந்தபோது எண்ணெய் காயாமல் இருந்தது. அவர் கோபப்படவில்லை. நிரந்தரமாக்கும் பேச்சு மேலே போயிருக்கிறது, அடுத்த முறை வரும்போது இப்படி இருந்தால் வேறு ஆளைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். பிறகு அந்தக் கல் யார் என்பதையும் சொன்னார். மூதேவி. திருமகளுக்கு மூத்தவள். பழைய காலத்தில் கும்பிட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஒரு பக்கத்தில் இருப்பது அவள் மகன், மாட்டு முகம் தேய்ந்துவிட்டது. அதை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டச் சொன்னார். சட்டம் சொல்லித் தடுக்க முடியாததைப் பயம் தடுக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். மனிதர்களை அறிந்தவரின் கணக்குதான்.

ஏசுபாதம் பலகையை மாட்டினார். ‘இது மூதேவி. பூசை செய்யாதீர்கள்.’ இரண்டு நாளில் கூட்டம் விலகியது. பெண்கள் அந்த மூலையைப் பார்க்காமலே சுற்றி முடித்தார்கள். ஒருத்தி வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினாளாம்.

பொன்னிக்குப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை வருவாள். முன்னாலேயே குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்று மேரியிடம் கேட்டிருக்கிறார். ஏழு மாதக்காரியிடம் போய்ச் சொல்கிற சேதியா அது என்று மேரி கேட்டாள். சொல்லாவிட்டால் எண்ணெய் நிற்காது, வேலை போய்விடும். சொல்லி, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தன் வாயால் ஆனதாகிவிடும். அவர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பின்னால் நின்ற செங்கல்பட்டுக் கல்லூரிப் பையன்கள் பலகையை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். பொன்னி எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பினாள்.

“அண்ணாத்த, இன்னா சொல்றானுங்க இவனுங்க?”

“மூதேவின்னு எழுதிக்கீது.”

“மெய்யாலுமா?”

“ஆபீசர் சொன்னாரு. படிச்சவரு.”

அவள் கல்லைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

“எல்லார் வூட்லயும் வெளக்குமாறு எடுத்துத் தொரத்துறாங்க. இங்கதான் ஒரு எடம் கெடச்சி குந்திகினு கீறா. கோவம் வந்தா தொரத்துனவங்க மேல வரும். எண்ணெ வெச்சவ மேல ஏன் வரப்போவுது?”

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வாதம் சரியா என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஏசுபாதம் வாதத்துக்குப் போகாமல் உள்ளதைச் சொன்னார். எண்ணெய் வைத்தால் தன் வேலை போய்விடும், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு வேறெங்கும் போக முடியாது.

“இத முன்னாலயே சொல்றதுக்கு இன்னா?” என்றாள். “உன் வேல போச்சின்னா மூதேவிகிட்ட நின்னான், போச்சின்னு ஊரு பேசும். அந்தப் பழியும் இவளுக்கா?”

கிண்ணத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் கற்களுக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் அதிகாரி வந்தார். கல் காய்ந்து கிடந்தது. பலகையைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது பொன்னி நின்றுகொண்டிருந்தாள். யார் என்று கேட்டார்.

“டிக்கெட் வாங்கினவங்க சார். பாத்துகினு இருக்காங்க.”

அதில் குறை சொல்ல அவருக்கு எதுவும் இல்லை.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்து தங்கியது. வேலையை நிரந்தரமாக்கிய உத்தரவு ஆடியில் வந்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. குப்பத்தில் போட்டிருப்பார்கள். மேரி தன் பங்குக்கு மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் ஏசுபாதம் வாளியில் தண்ணீர் பிடித்து, சீயக்காய் கரைத்து, மூலைக் கல்லைக் கழுவினார். ஐந்தாறு மாதமாக அதில் குங்குமம் இல்லை. எதற்கு என்று பின்னாளில் கேட்டேன். தூசி என்றார். பக்தி என்று அதை நான் சொல்ல மாட்டேன். தூசி என்பதையும் முழுதாக ஏற்கவில்லை.

துடைத்து நிமிர்ந்தபோது கம்பி ஜன்னலுக்கு வெளியே ஒரு வயதான தம்பதி நின்றிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். ஏசுபாதம் பலகையைக் காட்டினார். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார், கையை எடுக்கவில்லை.

“நேரமாயிடுச்சி, நைனா. நாளைக்கு வாங்க” என்று ஏசுபாதம் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.