முன் பம்பரில் இரண்டு ஓட்டைகள்

டவர் கிரேன் ஓட்டுகிறவர் காலையில் ஏணி ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் மாலை வரை மனித முகம் பார்க்க முடியாது. கீழே நடமாடுகிறவர்கள் எல்லாம் வெறும் மஞ்சள் தொப்பிகள். வாக்கி-டாக்கியில் ஒரு குரல் மட்டும் வரும். "மேலே, மேலே, கேக்குதா?" "கேக்குது." "கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். நிறுத்து. இறக்கு." அவருக்கு வருஷக்கணக்காக இதுதான் பேச்சு. நாளடைவில் அந்த 'மேலே' அவருடைய பெயராகவே ஒட்டிக்கொண்டது. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு வால் சேர்த்து 'மேலண்ணன்' ஆக்கினார்கள்.

மேலண்ணன் கோபக்காரர் அல்ல. குடி கிடையாது. யார் வம்புக்கும் போகமாட்டார். அதனால்தான் அவர் மனைவி பிரிந்து போனபோது சொந்தக்காரர்கள் காரணம் தேடித் தேடிக் களைத்துப் போனார்கள். காரணத்தை அவளே ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"உங்ககூட இருக்கறதும் ஒண்ணுதான், தனியா இருக்கறதும் ஒண்ணுதான். தனியாவே இருந்துக்கறேனே."

அதற்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தால் "சரி" என்றுதான் வந்தது. அந்த ஒற்றைச் 'சரி'யை நினைத்து அவர் பிற்பாடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள். "சாப்ட்டீங்களாப்பா?" "சாப்ட்டேன். நீ?" "ம்." அதற்குமேல் அப்பாவும் மகளும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட மனுஷர் மசில் கார் வாங்குவார் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் மின்சாரத்தில் ஓடுவது. நீண்ட முகப்பு, தாழ்ந்த கூரை, கசரத்து எடுத்தவன் தோள்மாதிரி பின்சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் தகடு, கறுஞ்சிவப்பு நிறம். பெட்ரோல் எஞ்சின் இல்லாததால் உறுமலுக்குப் பின்பக்கம் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் சிங்கம், விட்டால் பூனை. வாங்கிய அன்று அடுக்ககத்தின் அடித்தளத்தில் நிறுத்தி, ஆசைக்கு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்த்தார். மாடிக்காரம்மாள் பூகம்பம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். அதற்கப்புறம் ஊருக்குள் அது பூனையாகவே ஓடியது.

ஏன் வாங்கினார் என்று மகள் கேட்டாள். "சும்மா" என்றார். உண்மையில் அவருக்கே சரியாகத் தெரியாது. கூண்டிலிருந்து பார்த்தால் எல்லா வண்டியும் தீப்பெட்டி. அந்த ஒரு வண்டி மட்டும் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

தலைவலி நம்பர் பிளேட்டில் வந்தது. எல்லா வண்டிக்கும் முன்னாலும் ஒரு பிளேட் இருக்க வேண்டும், சரியாக நடுவில் இருக்க வேண்டும், சாயாமல் நேராக நிற்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை கறாராகப் பிடிக்கத் தொடங்கிய நேரம் அது. இந்தக் காருக்கோ முன்னால் தட்டையான இடமே கிடையாது. மூக்கு வளைந்து உள்ளே போகிறது. பிளேட் மாட்ட வேண்டும் என்றால் பம்பரில் டிரில் போட்டு இரண்டு ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்டால் பெயிண்டுக்கு வாரண்டி போச்சு. போதாக்குறைக்கு, எதிரே வண்டி வந்தால் தானாக பிரேக் போடும் சென்ஸார் பம்பருக்குப் பின்னால்தான் இருந்தது. பிளேட் கொஞ்சம் மறைத்தாலும், வெற்றுச் சாலையில் எதையோ கண்டு பயந்ததுபோல் வண்டி வெடுக்கென்று நின்றுவிடும்.

மேலண்ணன் முதலில் பிளேட்டைக் கண்ணாடிக்கு உள்ளே சாய்த்து வைத்தார். அபராதம். இரட்டைப்பக்க டேப் போட்டு ஒட்டினார். மழையில் விழுந்துவிட்டது, மறுபடி அபராதம். கயிறு கட்டி இழுக்கிற கொக்கியின் துளையில் ஒரு கம்பியைச் செருகி ஓரமாக மாட்டினார். மேம்பாலத்துக்கு அடியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன சார் இது, காதுல பூ வச்சமாதிரி ஓரமா தொங்குது? நடுவுல இருக்கணும்."

"நடுவுல இடம் இல்லைங்க."

"இடம் இல்லாத வண்டிய எதுக்கு வாங்குனீங்க?"

மேலண்ணன் காகிதங்களை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தபோது, அதே மாதிரி ஒரு கார், வெள்ளை நிறம், சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓட்டிவந்த பெண்மணி கேட்டாள்.

"அண்ணே, நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா? போன வாரம் என்னையும் இதே எடத்துலதான் புடிச்சாரு. கேளுங்க, இல்லேன்னு சொல்லட்டும்."

காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அபராதச் சீட்டைக் கிழிக்காமல் விடவில்லை என்பது வேறு.

அந்தப் பெண்மணி பல் டாக்டர். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சார்ஜிங் ஸ்டேஷனில் இந்தக் கார்க்காரர்கள் கூடுவார்கள் என்றும், அவரும் வர வேண்டும் என்றும் சொன்னாள். மேலண்ணன் "பாக்கறேன்" என்றார். போகக்கூடாது என்றுதான் நினைத்தார். சனிக்கிழமை விடிந்ததும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். பல் டாக்டர், ஒரு பேக்கரிக்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற 'விசில்'. வண்டிகள் சார்ஜ் ஏறி முடிக்கிறவரை காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டு, போக்குவரத்துத் துறையை வாய் ஓயாமல் திட்டுவார்கள். வண்டிக்கு ஓட்டை போடச் சொல்கிறவன் தன் மூக்கில் போட்டுக்கொள்ளட்டும் என்பார் விசில். பேக்கரிக்காரர் பம்பரில் ஓட்டை போட்டுக்கொண்டவர். அந்தச் சோகத்தை அவர் சொல்லும்போது பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

முதல் இரண்டு வாரம் மேலண்ணன் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். மூன்றாவது வாரம், தன் வண்டி நடுரோட்டில் ஒரு பறக்கிற பாலித்தீன் பைக்கு பிரேக் போட்ட கதையைச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சுக்கு இத்தனை பேர் சிரித்ததை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்கக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்த சனிக்கிழமைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தார். கீழே இருந்து சிக்னல் கொடுப்பவர் கேட்டார்: "மேலே, என்ன பாட்டா பாடறீங்க?" அவர் பாடவில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் துறை, விதியைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்தது. யார் பேசுவது என்று வந்தபோது எல்லோரும் மேலண்ணனைக் காட்டினார்கள். "நீங்க சொன்னாத்தான் சிரிச்சிக்கிட்டே கேப்பாங்க" என்றாள் டாக்டர். மேலண்ணன் பேச்சை எழுதி மனப்பாடம் பண்ணினார். கூட்டத்தில் அவர் முறை வந்தது. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். மேடையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மனப்பாடம் பண்ணியது எல்லாம் காற்றோடு போய்விட்டது. கை தானாக ஒலிபெருக்கியை வாய்க்கு நெருக்கிப் பிடித்தது.

"கீழே, கேக்குதா?" என்றார்.

கூடம் கொல்லென்று சிரித்தது. அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. "முன்னாடி ஓட்டை போட முடியலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவர் முழங்கையில் தட்டி, "பரவால்லண்ணே, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க" என்றாள். மற்றவர்கள் திரும்பும் வழியெல்லாம் "கீழே, கேக்குதா?" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். கேலிதான். ஆனாலும் அவருக்கு அது இனித்தது.

சில மாதம் கழித்து விதி மாறியது. இவர்கள் பேச்சால் ஒன்றும் இல்லை. சாலைக் கேமராக்களைப் புதிதாக மாற்றினார்கள், அவை பின்பக்க எண்ணையே படித்துக்கொண்டன. அதனால் முன் பிளேட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை பேக்கரிக்காரர் பெரிய கேக் கொண்டுவந்தார். எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரால் பிளேட்டைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அபராதம் கட்டி மாளாமல் கடைசியில் மேலண்ணனும் போட்டிருந்த இரண்டு ஓட்டைகள் அவர் பம்பரில் மூக்குத்துவாரம் மாதிரித் தெரிந்தன. "அடச்சே, ஆறு மாசம் பொறுத்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அன்று அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அடுத்த வாரம் நான்கு பேர் வந்தார்கள். பேச்சு ஓடவில்லை. யாரைத் திட்டுவது? அதற்கடுத்த வாரம் விசில் மட்டும் வந்தார், முதுகுவலி தாங்கவில்லை, காரை விற்றுவிட்டேன் என்று சொல்லிப் போக. டாக்டர் வீட்டிலேயே சார்ஜர் மாட்டிக்கொண்டாளாம். பிறகு மேலண்ணன் தனியாக உட்கார்ந்து காபி குடித்தார். சார்ஜ் முழுவதும் ஏறிய பிறகும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பழைய கூட்டத்தில் வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்று சந்தைக்காரர்கள் கூடைகளை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கிழவர் வந்து, "சார், ஏறிடுச்சுன்னா வண்டிய எடுங்களேன், நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. பின்பக்க நம்பர் விளக்கின் வெளிச்சம் பற்றி ஒரு உபவிதி இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார். கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'பின்னாடி லைட்டுலயும் ஒரு அநியாயம் பண்றாங்க. சனிக்கிழமை பேசலாமா?' பேக்கரிக்காரர் ஒரு கட்டை விரலைப் போட்டார். இன்னொருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். வேறு பதில் வரவில்லை.

ஒரு நாள் அவர் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு, பல்லைக் காட்ட வேண்டும் என்று நேரம் வாங்கினார். அவர் பற்கள் கல்லுமாதிரி. ஒன்றுகூடச் சொத்தை இல்லை.

சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கைத் திருப்பி, டாக்டர் அவர் வாய்க்குள் பஞ்சுருண்டையை வைத்தாள். எச்சில் உறிஞ்சுகிற குழாயையும் மாட்டினாள். "என்னண்ணே, ஆளையே காணோம்! வண்டி எப்படி ஓடுது?" என்றாள். "ஆ" என்றார். "என் வண்டி அப்படியே நிக்குது. டயர்ல காத்து எறங்கிடுச்சு. வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு, வர இன்னும் நாலு மாசம் ஆகும். அவருக்குப் புடிச்ச வண்டின்னு வாங்கினது. நான் தனியா எங்க போறது?" "ஆ." சின்னக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். தட்டத் தட்ட அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பல்லுக்கு வந்ததும் கையை எடுத்தாள். பஞ்சை எடுத்தாள்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எங்க வலிக்குது?"

மேலண்ணன் விளக்கைப் பார்த்தார். ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டிவிடலாமா என்று யோசித்தார். காட்டினால் அங்கே டிரில் போட்டுவிடுவாளோ என்று பயம்.

"வலி ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். வெளியே காத்திருப்பவர்களில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது" என்றாள். அப்புறம், கதவைத் திறந்து விடும்போது, "நடுவுல வலிச்சா போன் பண்ணுங்க. வலிக்கலேன்னாலும் பண்ணுங்கண்ணே" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு வந்தார். வந்தாரே தவிர, போன் பண்ணவில்லை. எண்ணை எடுத்துப் பார்ப்பார். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவார். மரியாதைக்குச் சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொண்டு போய் நிற்கக்கூடாதே என்றும் இருந்தது.

மழைக்காலம் வந்தது. காற்று பலமாக வீசினால் கிரேனை ஓட்டக்கூடாது, அதனால் சில நாள் வேலை பாதியிலேயே நின்றுவிடும். அப்படி ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஈரச் சட்டையை நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு, யோசிக்க நேரம் கொடுக்காமல் எண்ணை அழுத்தினார். அவளே எடுத்தாள்.

"என்னண்ணே, பல்லா?"

"இல்லம்மா. உங்க வண்டி டயருக்குக் காத்து அடிச்சீங்களா?"

"எங்க அடிச்சேன்? அப்படியே கெடக்கு."

"என்கிட்ட பம்ப் இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து அடிச்சுக் குடுக்கட்டுமா?"

"இந்த ஞாயிறு மாமியார் வர்றாங்க. அடுத்த ஞாயிறு வாங்க" என்றாள்.

"சரிம்மா."

வைத்த பிறகு மேலண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அடுத்த ஞாயிறு வர இன்னும் நிறைய நாள் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் மழையில் நனைந்துகொண்டே குப்பைவாளியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவரைத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மேலண்ணன் பம்ப் எங்கே இருக்கிறது என்று தேடப் போனார். வெகுநேரம் தேடினார்.