விஸ்வகர்மா பூஜையன்று கழற்றிய வேன்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அன்று அது கைக்கும் இறங்கியது.

லேக் கார்டன்ஸிலிருந்து பாலிகஞ்ச் பள்ளிக்கு நான் வேனில் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிறேன். ஓட்டுவது நான், வண்டியைப் பார்த்துக்கொள்வது தம்பி. சோறு இரண்டு பேருக்கும் அதிலிருந்துதான். முன்சீட்டுக்கு அடியிலேயே என்ஜின் இருக்கிற பழைய வேன். அந்த வாரம் புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தை அடைத்திருக்கும் கேஸ்கெட் போய், புகை உள்ளே கசிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. முன்சீட்டில் யூகேஜி படிக்கும் பெண் தூங்கி வழிந்தாள். எழுப்பினால் எழவில்லை. நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, வெளியே தூக்கி வந்து உலுக்கிய பிறகுதான் கண் திறந்து என் மேலெல்லாம் வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்து தம்பி சீட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் கசிவு தெரிந்தது.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை, பள்ளி லீவு. வங்காளிகளின் இந்த ஊரில் அன்று எந்த மெக்கானிக் மிஸ்திரியும் கருவியைத் தொட மாட்டான். ஸ்பேனரிலிருந்து வெல்டிங் மெஷின் வரை பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் கிடக்கும். தமிழர்களானாலும் இங்கேயே பிறந்த எங்களுக்கு இது தெரியாததல்ல. நமக்கு ஆயுத பூஜை நவராத்திரியில்தானே, நம் ஸ்பேனரை நாம் தொட்டால் யார் கேட்பது என்ற திமிர். நாங்கள் காகு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரர் மாடியில் பட்டம் விட்டுக்கொண்டே, இன்றைக்கு அதிலெல்லாம் கை வைக்காதே என்று வங்காள மொழியில் கத்தினார். சிரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

குழாயைப் பிடித்திருப்பவை ஸ்டட்டுகள். ஒரு முனை என்ஜினுக்குள் திருகியிருக்கும், மறுமுனையில் நட்டு. எல்லாம் துருவேறி ஒன்றாகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டோம், நெருப்பு காட்டினோம், சுத்தியலால் அடித்தோம். அடிக்க அடிக்கத் துரு கண்ணில் விழுந்தது. ஒவ்வொன்றாக இளகின, கடைசி நட்டு மட்டும் அசையவில்லை.

"முதல்ல கொஞ்சம் இறுக்கு, அப்புறம் தளத்து. முன்னயும் பின்னயும் போகணும்டா" என்றேன்.

"நீ சும்மா இரு, அக்கா!" என்று தம்பி ஸ்பேனரில் ஒரு நீளமான பைப்பைச் செருகினான். இரண்டு கையாலும் தொங்கி, கெட்ட வார்த்தையோடு இழுத்தான். டப்பென்று ஸ்டட் ஒடிந்தது. அவன் சுவரில் போய் விழுந்தான், பைப் என் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. நான் எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து அறைந்தேன். அவன் என்னைத் தள்ளினான். மாடியிலிருந்து காகு "தாமோ, தாமோ!" என்று நிறுத்தச் சொல்லி அலறினார். நாங்கள் நிறுத்தவில்லை. அடிபட்ட வாயை விட, அந்தப் பெண்ணின் துவண்ட கழுத்துதான் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது.

ஒடிந்தது என்ஜினுக்கு மட்டமாக ஒடிந்திருந்தது. பிடித்துத் திருக நுனி இல்லை. அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தால்தான் வெளியே வரும். ரத்தம் வழிய மிஸ்திரியிடம் ஓடினேன். அவன் என் வாயைப் பார்த்தான், பூஜையைப் பார்த்தான். நாளை சிலையைக் கரைக்கப் போகிறோம், மறுநாள் வா தீதி என்றான்.

திரும்பி வந்தால் தம்பி குழாயை மறுபடி மாட்டத் தயாராக நின்றான். "மத்த ஸ்டட்டெல்லாம் பிடிச்சுக்கும்க்கா. இடுக்குல பேஸ்ட் அப்பி, ஜன்னலைத் திறந்து வெச்சு ஓட்டிடு. நாளைக்குப் போகலைன்னா டாலிகஞ்ச் வேன்காரன் புள்ளைங்களை ஏத்திட்டுப் போயிடுவான். அப்புறம் நாம தெருவுலதான்."

அவன் சொன்னது பொய்யில்லை. எனக்கு என்னையும் தெரியும். வண்டி கிளம்பினால் போதும், காலையில் ஒவ்வொரு வாசலிலும் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பேன். ஜன்னல் திறந்திருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

சுத்தியலை எடுத்தேன். நன்றாக இருந்த ஸ்டட்டின் மரை மேல் ஓங்கி அடித்தேன். மரை நசுங்கியது. இனி அதில் எந்த நட்டும் ஏறாது.

தம்பி என் கையைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? இனி வண்டி ஓடாதுக்கா!"

"அதுக்குத்தாண்டா அடிக்கிறேன்" என்று அவனை உதறிவிட்டு, அடுத்ததையும் அடித்தேன்.