ஆமென் போடாவிட்டால் என்ன நடக்கும்?

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் திருத்த வரும் சிங்களத் தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்தும் காலை மாலை அவனுக்கு இயேசு படம் அனுப்பியவன் நான். ஐம்பது வயது தாண்டியவன், கொழும்பு வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருப்பவன், சபையில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன். அன்பானவர்களே, அந்த ஆள்தான் வாட்ஸ்அப்புக்குப் பயந்து நடுங்கினான்.

ஒரு படத்தில் தொடங்கியது. முள்முடி, இரத்தம், கீழே எழுத்து: "என்னை நேசிக்கிறவன் ஆமென் போட்டு எல்லோருக்கும் அனுப்புவான். வெட்கப்படுகிறவன் வீட்டில் துக்கம் வரும்." கடையில் சனம் நின்றது. நான் அனுப்பவில்லை. அந்தக் கிழமையே என் மனைவி ரஞ்சிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றும், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார்.

துக்கத்துக்கு நானே கதவு திறந்துவிட்டேன் என்று நம்பினேன். பிறகு வந்த ஒரு படத்தையும் விடவில்லை. சொந்தக்காரர், சபையார், பக்கத்துப் பாத்திரக்கடை முஸ்லிம் அண்ணன் நசீர் நானா, எல்லோருக்கும் அனுப்பினேன். ஜெபிக்க முழங்காலில் நின்றாலும் போன் அதிர்ந்தால் எழும்பிவிடுவேன்.

"இஞ்சருங்கோ, உங்கட ஆண்டவர் போனுக்குள்ளயா இருக்கிறார்?" என்று ரஞ்சி கேட்டாள்.

"பகிடி விடாத" என்றேன். பகிடிக்கென்றே பிறந்த நான்.

ஆபரேஷன் அன்று நர்ஸ் அவசரமாக வெளியே வந்தார். இரத்தம் நிறையப் போகிறதாம். ரஞ்சியின் இரத்தம் ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காதது. கையிருப்பு போதாதாம். கொடுக்கக்கூடியவர்களை உடனே வரச்சொல்லுங்கள் என்றார்.

எல்லோருக்கும் எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. கோல் எடுத்தேன், பலர் தூக்கவேயில்லை. கடைசியில் சபைத் தம்பி டேவிட் தூக்கினான்.

"அண்ணே, குறை நினைக்காதேங்கோ. உங்கட மெசேஜை எல்லாரும் மியூட் பண்ணி வச்சிருக்கினம். நானும்தான். இப்பவே ஆள் தேடுறன்."

துக்கத்தைத் தடுக்க அனுப்பிய படங்களே உதவி வரும் வழியை அடைத்துவிட்டன. போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அந்த நடைபாதையிலேயே, சுவரோரம், முழங்காலில் விழுந்தேன்.

"ஆண்டவரே, அனுப்ப என்னட்ட ஒண்டும் இல்லை. ரஞ்சியைத் தாரும்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. தோளில் ஒரு கை பட்டது. நசீர் நானா. என் மெசேஜைப் பார்த்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தார், வேர்த்துக் கொட்டியது. பள்ளிவாசல் இரத்ததான முகாமில் வருடாவருடம் கொடுப்பவராம். அவருக்கும் ஓ நெகட்டிவ். "எங்க படுக்கணும்?" என்று மட்டும் கேட்டார். அவருக்குப் பின்னால் டேவிட் தேடிப் பிடித்த ஒருவரும் வந்து சேர்ந்தார்.

ரஞ்சி பிழைத்தாள். இன்றைக்கும் மீன் வாங்கத் தெரியாதவன் என்று என்னை ஏசுகிறாள். அந்த ஏச்சைக் கேட்கும்போதெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். இப்போது ஜெபிக்கும்போது போன் குசினியில் அடுப்புப் பக்கம் கிடக்கும். பயங்காட்டி வெருட்டி அன்பு வாங்குகிறவர் அல்ல நம் ஆண்டவர். ஒரு படத்தை அனுப்பாததற்காக உங்கள் வீட்டின் மேல் கை வைக்கமாட்டார். பயமாக இருந்தால் அந்தப் பயத்தையே அவரிடம் சொல்லுங்கள். கேட்பார். என்னுடையதைக் கேட்டார்.

ரஞ்சி வீடு வந்த பிறகு ஒரு கேக் கொண்டு நசீர் நானாவின் கடைக்குப் போனேன்.

"நானா, எல்லாரும் என்னை மியூட் பண்ணியிருக்கேக்க நீங்க மட்டும் ஒவ்வொண்டா பாத்திருக்கிறீங்க. பெரிய மனசு உங்களுக்கு" என்றேன்.

அவர் சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மியூட் பண்ற விதம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா முதல் நாளே பண்ணியிருப்பேன்."